மூன்று நாள் வாடாத செம்பருத்தி

"இதுவா? இது எங்க மாடித் தொட்டியிலயே இருக்கே" என்றார் குடையோடு வந்த அம்மா.

என் வீட்டுக்காரர் சிரித்தார். மலர்க் கண்காட்சியில் காலையிலிருந்து இதைச் சொன்ன பதினான்காவது ஆள் அந்த அம்மா. எதைக் காட்டினாலும் தங்கள் வீட்டிலும் இருப்பதாகச் சொல்லாவிட்டால் சிலருக்குச் சாப்பாடு இறங்காது.

என் வீட்டுக்காரர் வேலை பார்க்கும் ஆராய்ச்சிப் பண்ணையின் அரங்கு அது. புதுச் செடி எப்படி உருவாகிறது என்று சுவர் முழுக்க விளக்கம். தாய்ச் செடி படம், தந்தைச் செடி படம், மகரந்தம் தடவிய தூரிகை, மூவாயிரம் நாற்றுகளின் பட்டியல். அதில் தேறியது நடு மேசையில் நிற்கும் இந்த மஞ்சள் செம்பருத்தி மட்டும்தான். மற்றவை மாலையிலேயே சுருண்டுவிடும். இது மூன்று நாள் வாடாது.

பதினோரு வருட உழைப்பு. எங்கள் மகள் எந்த வகுப்பு என்று கேட்டால் இவர் கொஞ்சம் யோசிப்பார். நாற்றின் எண்ணைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்.

மூன்று மணிக்குப் பதிவு அலுவலக அதிகாரி வருகிறார். செடி இதுவரை பண்ணையைத் தாண்டி யாரிடமும் போகவில்லை என்றால்தான் புது ரகம் என்ற சான்றிதழ் கிடைக்கும். வெளியே ஒரே ஒரு தொட்டியில் இருந்தாலும் பதினோரு வருடமும் அம்போதான்.

மணி மூன்றாக ஐந்து நிமிடம்.

குடைக்கார அம்மா விடுவதாக இல்லை. போட்டோ இருக்கிறது, காட்டுகிறேன் என்று கைப்பையைத் துழாவினார். முதலில் மூக்குக் கண்ணாடி வந்தது. பிறகு மாத்திரை அட்டை. பிறகு இன்னொரு மூக்குக் கண்ணாடி.

அந்தக் கோடியில் இலவசமாக விதை தருகிறார்கள், தீரப்போகிறது என்று சொல்லி அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தேன். இலவசம் என்றதும் அவர் என்னை முந்திக்கொண்டு போனார்.

பாதி வழியில் செல்போன் அகப்பட்டுவிட்டது. படத்தை எனக்குக் காட்டினார்.

அதே மஞ்சள். தையல்கடை அம்மா உடைத்துக் கொடுத்த கிளையாம், வைத்து இரண்டு வருடமாம். ஒன்பது பூ பூத்திருந்தது. எங்கள் மேசைச் செடியில் இரண்டுதான்.

எந்தத் தையல்கடை என்று நான் கேட்கவில்லை. நன்றாக வளர்த்திருக்கிறீர்கள் என்று மட்டும் சொல்லி, அவரை விதை வரிசையில் நிற்க வைத்துவிட்டு ஓடிவந்தேன்.

அதிகாரி வந்திருந்தார். இலையைத் திருப்பிப் பார்த்தார். இதழை அளந்தார். படிவத்தின் கடைசிக் கேள்வியில் பேனாவை நிறுத்தினார். இதற்கு முன் யாருக்காவது ஒரு கிளையாவது கொடுத்ததுண்டா என்று கேட்டார்.

இவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

"பதினோரு வருஷத்துல என் பொண்டாட்டிக்குக்கூட ஒரு பூ குடுத்ததில்ல சார். வேணும்னா அவளையே கேளுங்க."

சொல்லும்போது அந்த முகத்தில் அவ்வளவு பெருமை. எனக்குக் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

அதிகாரி என்னைப் பார்த்தார். கொடுத்ததில்லை என்று தலையாட்டினேன்.

அது சத்தியம். இவர் கொடுத்திருந்தால், பண்ணைக்குச் சாப்பாடு கொண்டுபோன டப்பாவில் நான் ஏன் ஒரு கிளையை ஒளித்து எடுத்துப்போய், ரவிக்கை தைக்கக் கொடுக்கும் தையல்கடை வாசலில் நட்டுவைக்கப் போகிறேன்?