மிளகுத்தூள் விழாத ஆஃப்பாயில்

“கடை முட்டையும் நம் கோழி முட்டையும் ஒரே ருசிதான். ஞாயிற்றுக்கிழமை இந்தக் கோழியைக் குழம்பு வைத்துவிடலாம்” என்று வீட்டுக்காரர் சொன்னது கொல்லையில் மேய்ந்த கோழியின் காதில் விழுந்தது. நேராக அடுப்படிக்குள் நுழைந்தது.

“இரண்டையும் வேகவைப்பது நீதானே, உண்மையைச் சொல்” என்று தோசைக்கல்லைக் கேட்டது.

“உன் முட்டை ஊற்றிய இடத்தில் கும்மென்று நிற்கும். கடை முட்டை தண்ணீராய் ஓடும். ஆனால் அந்த மனுஷனுக்கு எங்கே தெரியும்? எதையும் மிளகுத்தூளில் புதைத்துத்தானே தின்கிறார்.”

கோழி மிளகுத்தூள் டப்பாவை முறைத்தது. “நாளைக்கு ஒருநாள் வாயை மூடிக்கொண்டிரு.”

“நான் இல்லாமல் அவருக்கு ஒரு வாய் இறங்காது” என்றது டப்பா.

“அதையும்தான் பார்ப்போமே.”

மறுநாள் கோழியின் முட்டை ஆஃப்பாயிலாகத் தட்டில் வந்தது. வீட்டுக்காரர் டப்பாவைக் குலுக்கினார், தட்டினார், திட்டினார். பந்தயத்தில் இறங்கிவிட்ட டப்பா ஒரு தூள்கூட விடவில்லை. வேறு வழியில்லாமல் வெறுமனே வாயில் போட்டார். திட்டு பாதியில் நின்றது. தட்டில் வழிந்த மஞ்சள் கருவை விரலால் வழித்து நக்கினார்.

“இன்னொன்று போடேன்” என்றார் மனைவியிடம்.

“கடை முட்டைதான் இருக்கிறது.”

“அது வேண்டாம்.”

“அப்படியானால் நாளை வரைக்கும் காத்திருக்கட்டும்” என்று சொல்லிவிட்டு, வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த கோழி மண்ணைக் கிளறப் போனது.