லத்தீன் பூமாதேவி

“என்ன வியாபாரம்னு மட்டும் சொல்லிடாதீங்க மேடம்!” பெயரியல் பேராசான் கையை உயர்த்தித் தடுத்தார். “சரக்கைப் பார்த்துப் பேரு வைக்கிறவன் லேபிள் ஒட்டுறவன். நான் ஆத்மாவைப் பார்த்து வைக்கிறவன்.”

கம்பெனிகளுக்குப் பெயர் சூட்டுவது அவர் தொழில். ‘பெயரியல் பேராசான்’ என்பது வாசல் போர்டில் அவர் தமக்குத் தாமே சூட்டிக்கொண்டது. அவர் வைத்ததில் இதுவரை நிலைத்த பெயரும் அது ஒன்றுதான். இன்று வந்திருக்கும் பெண்மணியும் கைநழுவினால் போர்டைக் கழற்றிவிடுவதாக மனைவிக்கு வாக்குக் கொடுத்திருந்தார். மனைவி காலையிலேயே அளவு நாடாவும் கையுமாகத் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிவந்தாள். மூடிக்குப் போர்டு கச்சிதமாக இருக்குமாம்.

“உங்க வாடிக்கையாளர்களைப் பத்திச் சொல்லுங்க, போதும்.”

“ரொம்பக் கோபக்காரங்க சார். கொஞ்சம் வசதிக் குறைவுன்னாலும் தெருவையே கூட்டிடுவாங்க. வீட்ல அவங்க வச்சதுதான் சட்டம்.”

பெரிய இடம் என்று பேராசானுக்குப் புரிந்துவிட்டது. நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“பரம்பரைப் பணக்காரங்களோ?”

“அப்படியும் உண்டு. ஆனா எல்லாருமே தரையில கிடந்து வந்தவங்கதான். இப்பத்தான் சொந்தக் கால்ல நிக்கப் பழகுறாங்க.”

“அப்போ லத்தீன்தான்!” கண்ணை மூடிக்கொண்டார். “பூமிக்கு லத்தீன்ல ரெண்டு பேரு. டெல்லஸ்னா பூமாதேவி. அது கவிஞர்களுக்கு. டெர்ரான்னா நம்ம காலுக்குக் கீழே இருக்கிற நிஜம். மண்ணு, நிலம், உலகம் எல்லாம் அதுல அடக்கம். அதோட வேர் என்ன தெரியுமா? காய்ஞ்சதுன்னு அர்த்தம்! சுத்திக் கடல், நடுவுல நனையாம நிக்க ஒரு இடம். அதுதான் டெர்ரா.”

“இதைக் கேட்டுத்தாங்க போன மாசம் பேரு கேட்டு வந்த ஜூஸ் கடைக்காரர் எழுந்து ஓடினாரு!” என்று உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது.

பேராசான் இருமி அதை மறைத்தார். பெண்மணி ஓடவில்லை. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“எவ்வளவு ஈரத்துக்கு நடுவுலயும் காய்ஞ்சே இருக்கும்னு வச்சுக்கலாமா சார்?”

“தாராளமா! பூமி சாமானியப்பட்டவளா? யார் என்னத்தைக் கொட்டினாலும் முகம் சுளிக்கிறாளா? சத்தம் போடாம வாங்கிக்கிட்டுக் கிடக்கிறா இல்லையா?”

பெண்மணிக்குக் கண் கலங்கிவிட்டது.

“இதுக்கு மேல ஒரு வார்த்தை பேசாதீங்க சார். டெர்ராதான். எங்களுக்குன்னே பிறந்த பேரு!”

உள்ளே அளவு நாடா ‘சரக்’கென்று சுருண்டுகொண்டது.

பேராசானின் கண்முன் பளிங்கு மாளிகைகள் வரிசையாக எழுந்தன. குரலில் கம்பீரம் கூடியது.

“எழுத்தைத் தங்கத்துல போடுங்க. எங்கே வருது? வாசல் வளைவுலயா, மாடி உச்சியிலயா?”

“பின்பக்கம் சார், இடுப்புப் பட்டைக்குக் கீழே” என்ற பெண்மணி, பையிலிருந்து குழந்தை டயாபர் ஒன்றை எடுத்து மேசைமேல் பாந்தமாக விரித்தாள்.