இருபது பட்டாணிக் காய்கள்

சரோஜினி நகர் சந்தையில் பட்டாணி மூட்டைமேல் குளிர்கால வெயில் இதமாக விழுகிறது. நாளை வைதேகி மகளின் பிறந்தநாள் புலாவுக்குக் காலனியே வருகிறது. சொத்தை அதிகமானால் வெறும் சோறுதான் மிஞ்சும், மானம் போகும். "நூத்துக்குப் பத்துக்கு மேல சொத்தை இருக்காதுங்கறான் கடைக்காரன்" என்கிறார் மஃப்ளருக்குள்ளிருந்து கணவர் கோதண்டராமன். புள்ளியியல் துறையில் வேலை பார்க்கும் வைதேகி, மேலே அடுக்கிய அழகுக் காய்களைத் தொடவில்லை. முழங்கை வரை கையை விட்டு, அங்கொன்றும் இங்கொன்றுமாக இருபதை எடுத்து உரிக்கிறாள். மூன்று சொத்தை. "ரெண்டுதானே வரணும்? புளுகறான்!" என்று துள்ளுகிறார் கோதண்டராமன். "இதோ பாருங்கோ, மூணு தற்செயலாவும் வரும். பொய்னு சொல்ல இது பத்தாது." "அப்ப நிஜமா?" "அப்படியும் நான் சொல்லலையே!" கடைக்காரன் மூச்சைப் பிடித்து நிற்கிறான். "பாஞ்ச் கிலோ, பையா!" சொத்தைக்கும் சேர்த்து ஐந்து கிலோவாகக் கேட்கிறாள் வைதேகி. தராசுத் தட்டு சட்டென்று இறங்குகிறது. சால்வையில் ஊரும் புழுவைச் சுண்டிவிட்டு, உரித்து வைத்ததைத் தேடுகிறாள் வைதேகி. நல்ல பதினேழும் கோதண்டராமன் வாயில் இனித்துக்கொண்டிருக்கின்றன.