காதுக்குக் கூலி

மனநல டாக்டர்களுக்கு இப்போது மாதச் சம்பளம் கிடையாது. காதுகொடுத்துக் கேட்ட நிமிடங்களுக்கு மட்டும்தான் கூலி. மேஜைமேல் இருக்கும் மீட்டர் அதை அளக்கும். மௌனத்துக்குக் காசில்லை என்று மருத்துவமனை நிர்வாகம் பெருந்தன்மையோடு அறிவித்திருந்தது.

அன்று கடைசியாக வந்த நோயாளி செபஸ்தியான் வாயே திறக்கவில்லை. மீட்டர் பூஜ்ஜியத்திலேயே நின்றது.

"ஏதாவது பேசுங்கய்யா," என்று கெஞ்சினார் டாக்டர் தமயந்தி. "பதினோரு மணி நேரமா இந்த நாற்காலியிலேயே கிடக்கேன். பொண்ணு முகத்தப் பாத்து நாலு நாளாச்சு..."

ஆரம்பித்தவரால் நிறுத்த முடியவில்லை. அழுது முடிக்க அரைமணி ஆனது. செபஸ்தியான் அசையாமல் கேட்டார்.

மீட்டர் நேர்மையானது. முப்பது நிமிடக் கூலியை, கேட்டவரான செபஸ்தியானின் கணக்கில் ஏற்றியது.

அவர் முதன்முறையாக வாய் திறந்தார்: "மனசுல எதையும் வெச்சுக்காதீங்க டாக்டரம்மா. அடுத்த செவ்வாய்க்கிழமையும் வாங்க."