கங்கையில் விட்டது

காசிக்குப் போனால் பிடித்த பண்டம் ஒன்றைக் கங்கையில் விட்டுவிட வேண்டும். ஆவுடையப்பன் பாகற்காயை விட்டார். "அது உங்களுக்கு என்னைக்குப் பிடிச்சது? கங்கைக்கே அல்வா குடுக்குறீங்களே!" என்று சிரித்த மனைவி சங்கரவடிவு, அவர் காதுபட மாம்பழத்தையே விட்டாள். தண்ணீரில் நிற்கும்போதே, ஊரில் யாரிடம் இதை எப்படிச் சொல்வதென்று மனம் ஒத்திகை பார்த்தது. மாம்பழத்தைவிட அது இனித்தது. வெட்கப்பட்டு, மறுபடி முங்கி, வெளியே சொல்லிக்கொள்வதையும் விட்டாள்.

சித்திரையில் நாத்தனார் மாம்பழம் நறுக்கி நீட்டினாள். சங்கரவடிவு வயிறு சரியில்லை என்றாள்.

"அண்ணன் பாகற்காயையே விட்டுட்டாராமே! நீங்க எதை விட்டீங்க மதினி?"

"நான் ஒண்ணும் விடலை."

சொல்லிவிட்டு, மாம்பழம் சப்பிக்கொண்டிருந்த கணவர் வாய்திறந்து உண்மையைச் சொல்லமாட்டாரா என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.