விலைக்கு வந்த முயல்

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்க. குளக்கரைக் கால்பந்து அணிக்குக் கோல் போட இருந்தது ஒரே ஒரு முயல்தான். ஒரு வண்டிப் புல்லைக் கொடுத்து அதை மலை அணிக்கு வாங்கிப்போகக் கரடி வருகிறதாம்.

"வித்துத் தொலைப்போம். கோல் போட்டா வயிறு நிறையுமா?" என்றது எருமை.

அதன் முதுகில் உட்கார்ந்திருந்த மைனா அதன் கொம்புக்குத் தாவியது. "அடப்பாவி அண்ணே! போன வாரம் அவன் பேரைச் சொல்லிக் குளமே கலங்கக் கத்தினது நீதானே?"

"அது போன வாரம்."

அதற்குள் கரடி வந்துவிட்டது. மைனா பறந்துபோய்க் கும்பிட்டது. "மாமா, இவனை இன்னைக்கே கூட்டிட்டுப் போயிடுங்க. நாளைக்குன்னு தள்ளாதீங்க."

"ஏன், என்ன அவசரம்?" கரடி சந்தேகமாய் முயலின் கால்களைப் பார்த்தது.

"ஒண்ணுமில்ல மாமா" என்ற மைனா, சிராய்ப்புகூட இல்லாத முயலின் காலில் பச்சிலை வைத்துக் கட்டத் தொடங்கியது.