தொட்டிக்குள் இருவர்

தொட்டியின் பாதிப் படியில் என் கால் நின்றுவிட்டது.

எனக்கு முழங்கால் வரைக்கும் தண்ணீர். என் கணவர் கீழே இடுப்பளவுத் தண்ணீரில், வெள்ளை அங்கி உப்பி மிதக்க, கையை நீட்டிக்கொண்டு நின்றார். சபை மொத்தமும் பெஞ்சின் நுனிக்கு வந்து எங்களைப் பார்த்தது. பார்க்காதா பின்னே? மிஷனரியின் மனைவி முழுக்கு ஞானஸ்நானம் எடுக்க, தலை நரைத்து மூட்டு தேய வேண்டியிருந்தது.

ஓய்வு பெறும் வரை இவர் வாரநாளில் பல்கலைக்கழகத்தில் மொழிப் பேராசிரியர், ஞாயிறானால் மிஷனரி. ஒன்பது மொழிகள் தெரியும். ஒன்பதிலும் சுருக்கமாகப் பேசத் தெரியாது. சொந்த மொழி போக மற்றதை வகுப்பில் உட்கார்ந்து கற்றார். என் தாய்மொழியை மட்டும் என்னிடம் திட்டு வாங்கிக் கற்றார்.

எங்கள் சபையில் குழந்தைக்குத் தண்ணீர் தெளித்தது கணக்கில் வராது. வளர்ந்த ஆள் தானாக விரும்பி வந்து, தலை முழுக்கத் தண்ணீருக்குள் போய் எழ வேண்டும். நான் வேறு சபையில் பிறந்தவள், தெளிப்போடு நின்றவள். கல்யாணமான புதிதில் இவர் கேட்டபோது, மனசு இன்னும் பக்குவப்படவில்லை என்று சொல்லிவைத்தேன்.

அங்கேதான் வினை. மனசு என்று சொன்னால் இவர் விடுவாரா? புத்தகம் புத்தகமாகக் கொண்டுவந்தார். ஒரே வசனத்தை மூல மொழியில் வாசித்து, நாலு மொழிபெயர்ப்பில் ஒப்பிட்டுக் காட்டினார். சாப்பாட்டு மேசையில் எனக்காகவே தனிப் பிரசங்கம் நடக்கும். நானும் தலையை ஆட்டிக்கொண்டே இரண்டாம் தரம் பரிமாறுவேன்.

என் விசுவாசத்தில் ஒரு குறையும் இல்லை. எனக்குத் தண்ணீர் என்றால் பயம், அவ்வளவுதான்.

சிறுபிள்ளையில் குளத்தில் மூழ்கிப்போனேன். யாரோ தலைமுடியைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டார்கள். ஜோசியம் பார்க்காத வீடு எங்களுடையது. இருந்தாலும் எனக்குத் தண்ணீரில்தான் கண்டம் என்று நானே முடிவுகட்டிவிட்டேன். இன்றைக்கும் குனிந்து, குவளையில் மொண்டு, கண்ணை அகலத் திறந்துகொண்டுதான் தலைக்குக் குளிப்பேன். சோப்பு எரிந்தால் எரியட்டும்.

யாராவது ஒரு வார்த்தை பேசினால் போதும், எந்த மலைக்கு எந்தப் பக்கம் பிறந்தவர் என்று இவர் சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்ட மனுஷனுக்குப் பெண்டாட்டி குளிக்கிற லட்சணம் தெரியவில்லை.

ஊரையே முழுக வைக்கிறவரிடம் போய் இதை எந்த வாயால் சொல்வது?

சொல்லாமலே காலம் போயிருக்கும். பேராசிரியர் வேலையிலிருந்து போன வருஷம் ஓய்வு, இன்றோடு சபையிலிருந்தும் ஓய்வு. அடுத்த ஞாயிறு புதுப் போதகர் வருகிறார். தங்கமான பிள்ளைதான். ஆனாலும் முழுகினால் இவர் கையால்தான் என்று எனக்குள் ஒரு பிடிவாதம். போன வாரம், முழுகத் தயார் என்று வாயைத் திறந்து சொல்லிவிட்டேன். மனுஷன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். அந்த முகத்தைப் பார்த்த பிறகு பின்வாங்க முடியுமா?

சபையில் இவரைப் பற்றி இரண்டு பெருமைகள் உண்டு. தொட்டிக்குள் வருகிறவரிடம் அவரவர் தாய்மொழியிலேயே விசுவாசக் கேள்வியைக் கேட்பார். அதுவும் அவசரப்படவே மாட்டார். கையைப் பிடித்துக்கொண்டு ஊர், உறவு, பிள்ளைகுட்டி எல்லாம் விசாரித்துவிட்டுத்தான் கேள்விக்கு வருவார். என்ன பொறுமை என்று மெச்சுவார்கள்.

இன்னொன்று பழைய கதை. கல்லூரி நாளில் இவர் முழுகி எழுந்தபோது, இவரை முழுக வைத்த போதகருடைய அங்கியின் கை கிழிந்து இவர் கையோடு வந்துவிட்டதாம். அந்தப் பக்தி வைராக்கியத்தை இன்னமும் சொல்லி மாய்ந்துபோவார்கள்.

இன்றும் இவர் அவசரப்படவில்லை. மெல்ல என்னைக் கீழே இறக்கினார். தண்ணீர் இடுப்புக்கு ஏறியது. மூட்டு வலியை விசாரித்தார். பிறகு என் மொழியில், அந்தக் கொடுமையான உச்சரிப்பில், கேள்வியைக் கேட்டார். விசுவாசிக்கிறேன் என்றேன். அதில் எனக்கு என்றைக்குமே தடுமாற்றம் இருந்ததில்லை.

பாட்டுக்குழு பாடத் தொடங்கியது. இவருடைய ஒரு கை என் முதுகுக்குப் போனது. அவ்வளவுதான், இத்தனை வருஷம் மூடிவைத்தது வாய்க்கு வந்துவிட்டது.

"என்னங்க, எனக்குத் தண்ணின்னா பயங்க. அன்னிக்கிலேர்ந்தே இதுதான் காரணம். மனசு பக்குவமும் இல்ல, ஒண்ணும் இல்ல."

எனக்கு வாசித்துக்காட்டிய அத்தனை புத்தகமும் அவர் கண்முன்னால் வந்து போயிருக்கும். மேலே துண்டோடு காத்திருந்த மகள், என்ன ஆச்சு என்று எட்டிப் பார்த்தாள். கோபம்தான் வரப்போகிறது என்று நினைத்தேன்.

குனிந்து என் காதோரம் வந்தார். இத்தனை வருஷத்தில், ஒன்பது மொழியிலும் நான் கேட்டிராத சின்னக் குரல்.

"பின்ன, அந்தப் போதகர் அங்கிய நான் பக்தியிலயா கிழிச்சேன்?"

நான் குனிந்து பார்த்தேன். படி இறங்கியதிலிருந்து என் மணிக்கட்டை அவர் விடவே இல்லை. இதுவரை இந்தத் தொட்டிக்குள் வந்த ஒருவர் கையையும் விட்டதில்லை.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பயம் எங்கேயும் போகவில்லை. ஆனால் சந்தோஷமாக இருந்தது.

"கெட்டியாப் பிடிச்சுக்கோங்க" என்று அவரிடம் சொல்லிவிட்டு, மூக்கைப் பொத்திக்கொண்டு சாய்ந்தேன்.